கிழக்கு எந்தக் கைப் பக்கம்

கோயம்புத்தூருக்கு நான் போனது ஒரு கடிதம் வாங்க. ‘தவறு எங்களுடையதுதான்’ என்று ஒரு பட்டறைக்காரர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய கடிதம். தபாலில் வந்திருக்கலாம். எங்கள் பிரிவுத் தலைவருக்குத் தபால்மேல் நம்பிக்கை கிடையாது, என் உடம்பின்மேல் அக்கறையும் கிடையாது. மஞ்சள் காமாலையில் கிடந்து எழுந்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. “நீதானே தமிழ் பேசுகிறவன்” என்று சொல்லி ரயிலேற்றிவிட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வடக்கே தக்காண மேட்டில், சோளக்காடுகளுக்கு நடுவே எழும்பிக்கொண்டிருந்த ஒரு ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் எனக்கு வேலை. கவிழ்த்தால் ஒரு கல்யாண மண்டபத்தையே மூடிவிடுகிற அகலத்தில் வரிசையாக இரும்புத் தட்டுகள். அத்தனையும் ஒரே நேரத்தில் வானத்தில் ஒரே புள்ளியைப் பார்க்க வேண்டும். ஒரு தட்டு ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு விலகிப் பார்த்தாலும் அது மற்றவற்றோடு சேராது, இரைச்சலைத்தான் கொண்டுவரும். எந்தத் தட்டு எவ்வளவு விலகுகிறது, எந்தப் பக்கம் விலகுகிறது என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு. இரும்புக்கு மாறுகண் வைத்தியம் பார்ப்பவர் என்று என் மனைவி வருகிறவர்களிடம் என்னை அறிமுகம் செய்வாள்.

வைத்தியம் இதுதான். வானத்தில் வலுவாக ரேடியோ அலை வீசும் ஒரு மூலத்தைக் குறிவைப்பேன். பிறகு தட்டை வேண்டுமென்றே கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தி எங்கே அலை உச்சமாக வருகிறது என்று குறித்துக்கொள்வேன். அந்த மூலம் எழுந்து, உச்சிக்கு வந்து, சாய்கிறவரை இதையே செய்ய வேண்டும். குறித்ததையெல்லாம் படமாகப் போட்டால், தட்டின் அடித்தளம் மட்டமாக இருக்கும் பட்சத்தில் கோடு நேராக வரும். அடித்தளம் சாய்ந்திருந்தால் கோடு அலைபோல மேலும் கீழும் போகும்.

எங்கள் ஏழாம் எண் தட்டு அலை போட்டது. அடித்தளத்தின் கிழக்குப் பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. கணிப்பொறியில் ஒரு திருத்தத்தைச் சேர்த்துச் சமாளிக்கலாம்தான். ஆனால் சாய்ந்தபடியே சுற்றினால் பல்சக்கரம் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும் என்று இயந்திரப் பிரிவில் ஒற்றைக்காலில் நின்றார்கள். அதனால் அடித்தளத்துக்கும் சுழலும் வளையத்துக்கும் நடுவே பன்னிரண்டு தகடுகள் கொடுத்து மட்டம் செய்வதென்று முடிவாயிற்று. கிழக்கே தடித்த தகடு, மேற்கே மெல்லியது. எந்த இடத்தில் எவ்வளவு கனம் என்று ஒரு வட்டம் வரைந்து, வ, தெ, கி, மே என்று திசை எழுதி, கோவைப் பட்டறைக்கு நான்தான் ஃபேக்ஸ் அனுப்பினேன். அனுப்பிய மறுநாள் காமாலை என்று படுத்துவிட்டேன். பட்டறை ஆட்கள் வந்ததும், கிரேன் தட்டைத் தூக்கியதும், தகடு வைத்துவிட்டுப் போனதும் நான் பார்க்காதவை.

எழுந்து வந்து அளந்தேன். அலை போகவில்லை. சரியாக இரண்டு மடங்காகியிருந்தது. இதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. கிழக்கே வர வேண்டிய தகட்டை மேற்கே வைத்திருக்கிறார்கள். அதை மூன்று வரியில் அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். பட்டறை தவறை எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் மறுபடி கிரேனுக்கு அனுமதி இல்லை என்றது அலுவலகம். இப்படித்தான் ஓர் ஆடி மாதக் காலையில், கையில் பெட்டியும் வாயில் கசப்புமாகக் கோவை ரயில் நிலையத்தில் இறங்கினேன்.

உக்கடத்தில் குளத்தைப் பார்த்த மாதிரி ஒரு விடுதியில் அறை கிடைத்தது. குளம் தெரிந்ததைவிட வாசனைதான் அதிகம் வந்தது. ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து வீசி, ஜன்னல் கதவை அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து தாழ்ப்பாள் போடுவேன், கட்டிலுக்கு வருவதற்குள் அது மறுபடி திறந்துகொள்ளும். நாலாவது தடவை விட்டுவிட்டேன்.

கீழே சாப்பாட்டுக் கடையில் அரிசி பருப்புச் சாதம். இலையில் விழுந்த வேகத்திலேயே பரிமாறுகிறவர் நெய் ஊற்ற வந்துவிட்டார். நான் இலைமேல் கையை வைத்து மறைத்தேன்.

“ஏனுங்க, நெய் வேண்டாமுங்களா?”

“டாக்டர் சேர்க்கக் கூடாதுன்னுட்டார். மஞ்சள் காமாலை வந்து போச்சு.”

“அடடா! அப்ப நெய் வேண்டாமுங்க” என்று மிகுந்த வருத்தத்தோடு உள்ளே போனவர், ஒரு நிமிடத்தில் வேறு கிண்ணத்தோடு வந்தார். “நல்லெண்ணெய்ங்க. இது ஒண்ணும் பண்ணாதுங்க.” 

இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். “சித்தெ மட்டுமுங்க” என்றார். திருநெல்வேலியில் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் வேண்டாம் என்றால், “வேண்டாட்டிப் போம்வே” என்று அடுத்த இலைக்குப் போய்விடுவார்கள். இங்கே மறுப்பது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை. நல்லெண்ணெய் போட்டு முழுவதும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, சாயங்காலம் வரை ஏப்பமாகவும் வந்தது.

பட்டறை கணபதிப் பக்கம். பஸ்ஸிலிருந்து இறங்கி, பூக்கடை அம்மாளிடம் வழி கேட்டேன்.

“இப்படியே வடக்கால போங்க. ரெண்டு சந்து தாண்டிக் கெழக்கால திரும்புனா, தெக்க பாத்த வாசலுங்க.”

வானம் முழுக்க ஆடி மேகம். சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வானத்தில் திசை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன், வடக்கு எதுவென்று தெரியாமல் நடுத்தெருவில் முழித்தேன். “வலது கைப் பக்கமா, இடது கைப் பக்கமாம்மா?” என்றேன்.

அந்த அம்மாள் பூ கட்டுவதை நிறுத்திவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். “அது நீங்க எங்கிருந்து வாரீங்கங்கறதப் பொறுத்துதானுங்க. கெழக்கு எங்கிருந்து வந்தாலும் கெழக்கு தானுங்களே?”

இரண்டு முறை தப்பான சந்தில் நுழைந்து, ஒரு கிரைண்டர் கம்பெனிக்குள்ளும் போய் வெளியே வந்து, பட்டறையைக் கண்டுபிடித்தபோது பதினொன்றரை.

முதலாளி துரைசாமி வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, ஐம்பதைத் தாண்டிய மனிதர். டீயும் தேங்காய் பன்னும் வந்தன. சண்டை போடத் தயாராக வந்திருந்தேன். ரயிலில் வாக்கியங்களைக்கூட மனப்பாடம் செய்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மேசை இழுப்பறையிலிருந்து தட்டச்சு செய்த கடிதத்தை எடுத்து நீட்டினார்.

“தப்பு எங்களுதுதானுங்க சார். எழுதி வெச்சுட்டமுங்க. படிச்சுப் பாருங்க.”

படித்தேன். ‘எங்கள் ஃபோர்மேனின் கவனக்குறைவால் தகடுகள் திசை மாறிப் பொருத்தப்பட்டன. அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம்.’ எனக்கு வேண்டியது எல்லாமே அதில் இருந்தது. வேண்டாத ஒரு வரியும் இருந்தது.

“நிறுத்திட்டீங்களா?”

“செல்லமுத்துவைத்தானுங்க. இருவத்திரெண்டு வருசமா இருந்தவருங்க. என்ன பண்றதுங்க, உங்களைமாதிரிப் பெரிய எடத்துல பேரு கெட்டுப்போச்சுன்னா அப்பறம் யாருங்க நமக்கு வேலை குடுப்பாங்க?” அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. “அவரும் ஒண்ணும் சொல்லலீங்க. சரீங்கன்னு போயிட்டாருங்க.”

செல்லமுத்துவை எனக்குக் கொஞ்சம் தெரியும். முந்தின வருடம் அடித்தளம் போட வந்தபோது பார்த்திருக்கிறேன். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் தகட்டைத் திருப்பி வைத்தது நானில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அடுத்த மூன்று தட்டுகளுக்குத் தேவைப்படலாமென்று வெவ்வேறு கனத்தில் முன்கூட்டியே செய்து வைத்திருந்த தகடுகளை அளக்க உட்கார்ந்தேன். முப்பத்தாறு தகடு. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட எதிலும் பிசகு இல்லை. குற்றம் கண்டுபிடிக்கிற மனநிலையில் இருந்தவனுக்கு அது எரிச்சலாக இருந்தது.

கிளம்பும்போதுதான் நினைவு வந்தது. பட்டறைக்குப் போய்ச் சேர்ந்த ஃபேக்ஸ் பிரதியையும் கடிதத்தோடு இணைக்க வேண்டும் என்று தலைவர் சொல்லியிருந்தார்.

“அந்தப் பேப்பரெல்லாம் செல்லமுத்துகிட்டத்தானுங்க இருக்குது” என்றார் துரைசாமி. “அவரு அந்தியூர் நோம்பிக்குப் போயிருக்காருங்க. ஆள் விட்டு வாங்கியாரச் சொல்லட்டுங்களா? நாலு நாள் ஆகுமுங்க.”

நோம்பி என்றால் அந்தப் பக்கத்தில் திருவிழா. நாலு நாள் அந்த ஜன்னலோடு என்னால் முடியாது. நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்தியூருக்கு ஈரோடு போய்த்தான் போக வேண்டும். மறுநாள் காலை ஆட்டோக்காரரிடம் ஈரோட்டு பஸ் என்றேன். அவர் என்னை உக்கடம் பஸ் நிலையத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டார். விடுதி வாசலிலிருந்து கூப்பிடு தூரம். ஈரோட்டு பஸ் காந்திபுரத்திலிருந்துதான் போகும் என்பது, பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கண்டக்டர் வந்த பிறகுதான் தெரிந்தது. “பரவால்லீங்க சார், எறங்கிக்குங்க” என்றார் கண்டக்டர், தவறு ஏதோ அவருடையது போல.

சரியான பஸ் பிடித்து, கருமத்தம்பட்டி வரை போனோம். அங்கே டயர் போயிற்று. எல்லாரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். சாலைக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிகள். தடதடவென்று அந்தச் சத்தம் காதில் ஏறி, பிறகு பல்லில் இறங்கிற்று. எங்கள் நிலையத்தில் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடினாலே ரேடியோ அலை கெட்டுப்போகிறதென்று ஓடுவோம். இந்தச் சத்தத்துக்குள் ஒருவர் கயிற்றுக் கட்டிலில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தத் தூக்கத்தின்மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது.

பக்கத்தில் நின்ற நடுவயது அம்மாள் தூக்குப்போசியைத் திறந்து, ‘ஒப்பிட்டு’ என்று சொல்லி ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே வெல்லமும் பருப்பும் வைத்த போளி அது. எண்ணெய் ஆகாது என்று நான் காமாலைக் கதையை ஆரம்பித்தேன்.

“எண்ணெய் இல்லீங்க கண்ணு” என்றார். “சுத்தமான நெய்.”

நின்றுகொண்டே தின்றேன்.

அந்தியூர் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. ஊருக்கு வெளியே மைதானம் முழுக்கக் குதிரைகள், மாடுகள், தூசி. ஒரு கறுப்புக் குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளிடம் செல்லமுத்து என்று கேட்டு என்ன பயன்? ஆனாலும் கேட்டேன். அவர் நாலு பேரிடம் விசாரித்து, “தூரிக்குத் தகடு வெக்கறாரே, அவருங்களா? மேக்க போங்க, மாட்டுச் சந்தை தாண்டி” என்றார். ராட்டினத்தைத்தான் அங்கே தூரி என்கிறார்கள்.

பெரிய ராட்டினம், இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அதன் காலடியில் ஒருவர் குப்புறப் படுத்து, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயை வைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். 

“கெழக்கத்திக் காலு ஒரு நூல் எறக்கமுங்க. அந்தத் தகட்டக் குடுங்க… அதில்லீங்க, வடக்க இருக்கறது.”

இரும்புக்கடியில் தகடு வைத்து மட்டம் செய்ததில் தப்புப் பண்ணியதற்காக வேலை போனவர், வேறொரு இரும்புக்கடியில் தகடு வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

“சார், நீங்களா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்திருப்பனுங்களே. சீக்குல கெடந்தீங்கன்னு சொன்னாங்க. இப்பத் தேவலீங்களா? சாப்ட்டீங்களா?”

சாப்பாட்டுப் பேச்சை அவசரமாகத் தவிர்த்துவிட்டு, ஃபேக்ஸ் வேண்டும் என்றேன். அவர் தம் கருவிப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பாலிதீன் உறையை எடுத்தார். ஃபேக்ஸ் தாள் நாளானால் வெளுத்துப்போகும் என்று ஜெராக்ஸ் எடுத்து, இரண்டையும் சேர்த்து வைத்திருந்தார். அவ்வளவு கவனமாக என் கையெழுத்தை இதுவரை யாரும் பத்திரப்படுத்தியதில்லை.

பிரித்துப் பார்த்தேன். என் வட்டம், என் எண்கள். மேலே ‘வ’, கீழே ‘தெ’. இடது பக்கம் நான் எழுதியிருந்த ‘கி’ பென்சிலால் மெல்ல அடிக்கப்பட்டு, பக்கத்தில் ‘மே’ என்றிருந்தது. வலது பக்கத்து ‘மே’ அடிக்கப்பட்டு ‘கி’ ஆகியிருந்தது.

“இது யார் திருத்தினது?”

“சார் கோவிச்சுக்கக் கூடாதுங்க.” அவர் குரல் தாழ்ந்தது. “நாந்தானுங்க. வடக்க மேல வெச்சா, கெழக்கு சோத்தாங்கைப் பக்கம்தானுங்களே வரோணும்? நீங்க பீச்சாங்கைப் பக்கம் எழுதியிருந்தீங்க. ஒடம்பு முடியாம அவசரத்துல மாத்தி எழுதிப்போட்டீங்களாட்ட இருக்குதுன்னு, நானே சரி பண்ணிப்போட்டனுங்க.”

“என்கிட்ட ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?”

“எப்படிங்க கேக்கறது?” என்றார் செல்லமுத்து. உண்மையாகவே திகைத்துப்போயிருந்தார். “அத்தன பெரிய படிப்புப் படிச்சவங்ககிட்டப் போயி, கெழக்கு எங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியலீங்களான்னா கேக்க முடியுமுங்க?”

ராட்டினக்காரரின் கயிற்றுக் கட்டில் ஒன்று பக்கத்தில் கிடந்தது. அதில் மல்லாந்து படுத்துவிட்டேன். அசதியில் பாதி, அவருக்குக் காட்டுவதற்காகப் பாதி.

“இப்ப என் தலை எந்தப் பக்கம் இருக்கு?”

“வடக்கங்க.”

“என் இடது கை?”

“கெழக்…” என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். 

எங்கள் தொழிலில் உள்ளவர்கள் வானத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள். வான வரைபடத்தில் வடக்கை மேலே வைத்தால் கிழக்கு இடது கைப் பக்கம்தான் வரும். பத்து வருடமாக அப்படியே பார்த்துப் பார்த்து, எனக்கு வேறு மாதிரி வரையவே கை வராது. பூமியில் குனிந்து இரும்புக்கடியில் தகடு வைக்கப்போகிற மனிதருக்கும் அதே கையால் அதே படத்தைப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ‘கீழேயிருந்து பார்த்தபடி’ என்று ஒரு வரி எழுதவில்லை. செல்லமுத்து எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை நம்பினார். படம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி இருந்தது.

நான் சொன்னதை அவர் கேட்டார். பிறகு தலையை வடக்கே வைத்து, அவரே மண்ணில் மல்லாந்து படுத்தார். இரண்டு கையையும் விரித்து வானத்தைப் பார்த்தார். ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு போன ஆள் நின்று, “ஏனுங்க, ரெண்டு பேரும் மயக்கம் போட்டுட்டீங்களா?” என்று விசாரித்தார். இல்லை என்று படுத்தபடியே சொன்னோம்.

“நெசந்தானுங்க” என்று எழுந்தார் செல்லமுத்து. தலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார். “அப்பப் புதுத் தகடே வேண்டாமுங்களே சார். இருக்கறதையே அரை வட்டம் திருப்பிப் போட்டாப் போதுமுங்க.”

எனக்கு அது தோன்றக்கூட இல்லை. வேலை போனவருக்கு அதுதான் முதலில் தோன்றியது.

“நான் போய் எழுதிக் கொடுக்கிறேன். தப்பு என்னோடது” என்றேன்.

“அய்யய்யோ, அதெல்லாம் வேண்டாமுங்க.” அவர் பதறிவிட்டார். “நீங்க கவர்மெண்டு வேலைல இருக்கறவங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா பெரிய சங்கடமுங்க. தப்பு எம்பேர்லயே இருக்கட்டுமுங்க. எனக்கு இந்தத் தூரி சோலி இருக்குதுங்க, இது முடிஞ்சா ஏதாச்சும் வருமுங்க.”

இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு நிமிடம் எனக்கு ஆசை வந்தது. கடிதம் பைக்குள் இருந்தது. கையெழுத்து, முத்திரை, எல்லாம் பக்கா. இவரே சம்மதிக்கிறார். அந்த ஜெராக்ஸைத் தொலைத்துவிட்டுப் பஸ் ஏறினால் மூன்றாம் நாள் என் வீட்டில் என் தலையணையில் படுத்துக்கொள்ளலாம். களைப்பு மனிதனை இவ்வளவு கீழே இறக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. 

“கடிதத்தில் உங்களைக் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள்” என்றேன். அவர் கோபப்பட்டால் எனக்கு முடிவெடுக்க வசதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

செல்லமுத்து மட்டக்குழாயைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“இருவத்திரெண்டு வருசத்துல எங்கையில செஞ்சது ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லீங்க” என்றார், என்னைப் பார்க்காமல். “அந்த ஒரு வார்த்தைதானுங்க… பரவால்லீங்க.”

அந்தப் ‘பரவால்லீங்க’வில்தான் எனக்கு வெடித்தது. இரண்டு நாளாக நெய்யும் எண்ணெயும் ஊற்றியவர்கள், பொள்ளாச்சி பஸ் கண்டக்டர், கடிதத்தைத் தயாராக நீட்டிய முதலாளி என்று எல்லார்மேலும் சேர்த்துக் கத்தினேன். பத்து வருடமாக வாயில் வராத திருநெல்வேலி அன்றைக்கு வந்தது.

“என்னவே பரவால்ல? தப்புன்னா தப்புன்னு மூஞ்சிக்கு நேர சொல்லும்வே! அன்னைக்கே நீரு சொல்லியிருந்தா இவ்வளவு வந்திருக்காதுல்லா! இப்பமாவது சொல்லும். நான் செஞ்சது தப்பா இல்லையா?”

ராட்டினக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செல்லமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார். ஒரு மாடு விலை படிந்து கை மாறுகிற நேரம் ஆகியிருக்கும்.

“தப்புங்க சார்” என்றார்.

சொல்லி முடித்ததும் இருவருக்குமே மூச்சு வந்தது. உடனே அவர், “கம்மங்கூழ் குடிக்கிறீங்களா? அதுல எண்ணெயே இல்லீங்க” என்றார். இரண்டு நாளில் எனக்கு ஒத்துக்கொண்ட முதல் சாப்பாடு அதுதான். 

மூன்றாம் நாள் துரைசாமியிடம் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். என் கைப்பட எழுதிய வேறொரு கடிதத்தின் நகலையும் கொடுத்தேன். ஃபேக்ஸை மேசைமேல் விரித்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தெல்லாம் விளக்கினேன். அவர் நெடுநேரம் அண்ணாந்தே இருந்தார். 

“நாளைக்கே வரச் சொல்லீர்றமுங்க” என்றார் கடைசியில். “அந்த வார்த்தைய நாங்களும் யோசிக்காம எழுதிப்போட்டமுங்க.”

மறுநாள் வர முடியாது என்பதை நான்தான் சொன்னேன். நோம்பி முடியும்வரை தூரியைப் பார்த்துக்கொள்வதாகச் செல்லமுத்து வாக்குக் கொடுத்திருந்தார்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து தலைவரைக் கூப்பிட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு இந்தியில் சொன்னார்: “கிழக்கு எதுவென்று தெரியாத ஒருவனை வைத்துக்கொண்டா இத்தனை நாளாக நான் வானத்தை அளந்தேன்?” பிறகு, கிரேனுக்கான விண்ணப்பம் என் பெயரில்தான் போகும், காரணம் என்ற இடத்தில் நானே எழுத வேண்டும் என்றார். சரி என்றேன். பூத்துக்காரர் கண்ணாடிக் கதவைத் திறந்து, “மொகம் வாடியிருக்குதுங்க, தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டார். சிறுவாணித் தண்ணீர் இனிக்கும் என்று சொல்வார்கள். எனக்கு அன்று எதுவும் இனிக்கவில்லை. ஆனால் ரயிலில் தூங்கினேன்.

மழை ஓய்ந்ததும் கிரேன் வந்தது. செல்லமுத்துவும் நாலு பேரோடு வந்தார். தகடுகளை அரை வட்டம் திருப்பி வைத்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். அடுத்த வாரம் அளந்தபோது ஏழாம் தட்டின் கோடு நேராகப் போயிற்று. நிலையத்தில் என்னைப் பார்க்கும் ஆளெல்லாம் “கிழக்கு எங்கே?” என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அது நான் அங்கே வேலை பார்த்த கடைசி நாள்வரை ஓயவில்லை.

அடுத்த தட்டின் அளவு முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் சரியாகத் தூக்கமில்லை. வட்டம் வரைந்து, கனம் எழுதி, திசை எழுதி, ‘தரையை மேலிருந்து குனிந்து பார்த்தபடி’ என்று பெரிதாகக் கோடிட்டுக் கோவைக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு, நாற்காலியிலேயே கண்ணை மூடினேன். அரைமணி நேரத்தில் இயந்திரம் கரகரத்து ஒரு தாளைத் துப்பியது. என் படமேதான். எதுவும் அடிக்கப்படவில்லை, திருத்தப்படவில்லை. ஓரத்தில் மட்டும் பென்சிலில் இரண்டே சொல் எழுதியிருந்தது.

‘தப்புங்க சார்.’

எடுத்துப் பார்த்தேன். கிழக்கு இடது கைப் பக்கம் இருந்தது.